படித்த பதிவு யார் கையில்? குமரி மாவட்டக் கல்லூரிகளுக்கு ஒரு திறந்த மடல்

குமரி மாவட்டக் கல்லூரிகளின் தாளாளர்களுக்கும், முதல்வர்களுக்கும், கல்லூரியின் தரத்தைக் கவனிக்கும் ஐ.க்யூ.ஏ.சி. குழுக்களின் ஒருங்கிணைப்பாளர்களுக்கும்,

வணக்கம். வரும் கல்வியாண்டுக்கு ஆன்லைன் கற்றல் தளம் வாங்கவோ, இருப்பதை மாற்றவோ உங்களில் சிலர் இப்போது கொட்டேஷன் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். இந்தத் தளங்களை நிறுவுவதும் பராமரிப்பதும் என் பிழைப்பு. நாகர்கோவிலில் இருந்துகொண்டு அதைத்தான் செய்துவருகிறேன். டெமோ நடக்கும் அறையில் வாங்குபவர் பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன், விற்பவர் பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன். அந்த உரிமையில் ஒரு கோரிக்கை வைக்கிறேன். மாணவர் எதைப் படித்தார், எப்போது முடித்தார், என்ன மதிப்பெண் எடுத்தார் என்ற பதிவு எந்த வடிவத்தில் இருக்கும், யார் கையில் இருக்கும் என்பதை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

டெமோவில் எல்லோரும் பார்ப்பது டாஷ்போர்டைத்தான். வட்ட வட்டமாக வண்ணப் படங்கள், நடுவில் பெரிய எழுத்தில் '78 சதவீதம் நிறைவு'. அந்த 78 எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் விற்க வந்த தம்பி, "அதெல்லாம் சிஸ்டமே எடுத்துக்கும் சார்" என்று சொல்லிவிட்டு அடுத்த திரைக்குப் போய்விடுவார். சிஸ்டம் எதை எடுத்துக்கொள்கிறது, எதை விட்டுவிடுகிறது என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி.

இதன் விலை என்ன என்பதை நான் பார்த்த ஒரு கல்லூரியின் கதையில் சொல்கிறேன். பெயர் வேண்டாம். அங்கே தளம் கொடுத்த கம்பெனியின் ஒப்பந்தம் முடிந்து வேறு கம்பெனிக்கு மாறினார்கள். பழைய பதிவுகளைக் கேட்டபோது சி.எஸ்.வி. என்ற வெறும் அட்டவணைக் கோப்பு ஒன்று மின்னஞ்சலில் வந்தது. பெயர், பதிவு எண், பாடத்தின் பெயர், ஒரு சதவீதம், 'கம்ப்ளீட்டட்' என்றால் ஒய், இல்லையென்றால் என். அவ்வளவுதான். பொறியியல் மாணவர்களின் பதிவு எண் 12 இலக்கம் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தக் கோப்பை இடையில் யாரோ எக்செல்லில் திறந்து அப்படியே சேமித்திருந்ததால் எண்கள் எல்லாம் 9.63இ+11 என்று சுருங்கிவிட்டன. மொத்த வகுப்புக்கும் ஒரே எண்! சரி, பெயரை வைத்துச் சேர்த்துப் பார்க்கலாம் என்றால், நம் ஊர் வகுப்பறைகளில் எத்தனை அபிஷா, எத்தனை அஜின், எத்தனை ஜெபின் இருப்பார்கள் என்று சொல்லவா வேண்டும்? இனிஷியல் ஒரு பட்டியலில் முன்னால் வருகிறது, இன்னொன்றில் பின்னால் வருகிறது, மூன்றாவதில் இல்லவே இல்லை. மின்னஞ்சலை நம்பினால் அதுவும் நிலைப்பதில்லை. பாஸ்வேர்டு மறந்ததும் புது ஜிமெயில் தொடங்குவது பிள்ளைகளுக்குச் சாதாரணம்.

கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் நாக் அமைப்பின் மதிப்பீட்டுக்கு ஐந்தாண்டுத் தரவு கேட்பார்கள். தளத்தின் ஒப்பந்தமோ ஓரிரு ஆண்டுகளில் முடிந்துவிடுகிறது. இந்த இரண்டு கணக்கும் ஒத்துப்போகவில்லை என்பதை ஐ.க்யூ.ஏ.சி. பொறுப்பில் இருப்பவர்கள்தான் முதலில் உணர்கிறார்கள், அதுவும் கடைசி நேரத்தில்.

இது நமக்கு மட்டும் வந்த தலைவலி இல்லை. கணினி வழியாகப் பாடம் நடத்தத் தொடங்கிய நாளிலிருந்தே இருப்பது. விமானத் துறையினர் தங்கள் பயிற்சிகளுக்காக 1988-இலேயே ஏ.ஐ.சி.சி. என்ற குழுவை அமைத்தார்கள். ஒரு கம்பெனி செய்த பாடம் இன்னொரு கம்பெனியின் தளத்தில் ஓடவில்லை என்பதுதான் அவர்களின் குறை. அதே குறை அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்கும் இருந்தது. அதன் ஏ.டி.எல். பிரிவு 2000-இல் ஸ்கார்ம் என்ற தரநிலையை வெளியிட்டது. 2001-இல் வந்த 1.2 பதிப்பு இன்னும் உயிரோடு இருக்கிறது. நீங்கள் வைத்திருக்கும் மூடில் என்ற கற்றல் தளத்தில் ஸ்கார்ம் பாடம் ஏற்றியிருந்தால் அது பெரும்பாலும் இந்தப் பதிப்பாகத்தான் இருக்கும், ஏனென்றால் மூடில் முழுதாக ஆதரிப்பது அதைத்தான்.

ஸ்கார்ம் பாடம் என்பது ஒரு ஜிப் கோப்பு. அது பிரவுசரில் திறந்ததும், தன்னைத் திறந்துவிட்ட தளத்தைத் தேடிப் பிடித்து, 'தொடங்கிவிட்டேன்' என்று சொல்லும். நடுவில் மதிப்பெண்ணையும் நிலையையும் எங்கே நிறுத்தினார் என்ற குறிப்பையும் கொடுக்கும். கடைசியில் 'முடித்துவிட்டேன்' என்று சொல்லும். 1.2 பதிப்பில் அந்த 'எங்கே நிறுத்தினார்' குறிப்புக்கு 4,096 எழுத்துகள்தான் இடம். பாடம் நீளமாகி அதைத் தாண்டினால், மாணவர் மறுநாள் திறக்கும்போது விட்ட இடத்திலிருந்து தொடங்காமல் முதலிலிருந்து தொடங்கும். மாணவர் ஏமாற்றுகிறார் என்று ஆசிரியர் நினைப்பார். தளம் சரியில்லை என்று மாணவர் நினைப்பார். இருவருக்கும் அந்த 4,096 தெரியாது.

அதைவிடப் பெரிய குறை வேறு. இந்தப் பேச்சுவார்த்தை எல்லாமே அந்த ஒரு பிரவுசர் ஜன்னலுக்குள், இணைப்பு உயிரோடு இருக்கும்போதுதான் நடக்க வேண்டும். கல்லூரி லேபில் உட்கார்ந்து படித்தால் பிரச்சினை இல்லை. நம் மாணவர்கள் அங்கேயா படிக்கிறார்கள்? பேச்சிப்பாறைக்கு மேலே உள்ள குடியிருப்பிலிருந்து வருகிறவர் இருக்கிறார், தூத்தூர், வள்ளவிளை கடற்கரையிலிருந்து வருகிறவர் இருக்கிறார், எல்லோரிடமும் இருப்பது போன்தான். கடைசி ஸ்லைடு வந்ததும் 'எக்ஸிட்' பட்டனைத் தேடாமல் போனின் பேக் பட்டனை ஒரு தட்டு தட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அந்த நொடியில் சிக்னலும் இல்லை என்றால் 'முடித்துவிட்டேன்' என்ற செய்தி தளத்துக்குப் போகவே போகாது. பதிவில் 'இன்கம்ப்ளீட்' என்று இருக்கும். இன்டர்னல் மார்க் போடும் ஆசிரியர் அதைப் பார்த்துத்தான் போடுவார்.

நம் மாவட்டத்துக்கு ஜூனிலும் மழை, அக்டோபரிலிருந்து டிசம்பர் வரையிலும் மழை. செமஸ்டர் தேர்வும் அசைன்மென்ட் கடைசித் தேதிகளும் இரண்டாவது மழையோடுதான் வருகின்றன. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது மேற்குத் தாலுகாக்களில் கரன்ட் வர எத்தனை நாள் காத்திருந்தோம், 2023 டிசம்பர் வெள்ளத்தில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நினைவிருக்கும். இணைப்பு அறுந்தாலும் பதிவு தப்பிக்கும் ஒரு ஏற்பாடு நமக்குச் சொகுசு அல்ல.

அப்படி ஒரு ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. ஸ்கார்முக்கு அடுத்து என்ன என்று ஆராய அதே ஏ.டி.எல். பிரிவு, ரஸ்டிசி சாஃப்ட்வேர் என்ற நிறுவனத்திடம் பணியைக் கொடுத்தது. 'டின் கேன்' என்ற பெயரில் தொடங்கிய அந்த வேலை 2013 ஏப்ரலில் எக்ஸ்ஏபிஐ என்ற தரநிலையின் 1.0 பதிப்பாக வெளிவந்தது. 2023-இல் அதன் 2.0 பதிப்பு, பொறியாளர் அமைப்பான ஐ.இ.இ.இ.யின் 9274.1.1 என்ற எண்ணில் முறையான தரநிலையாகவும் ஆகிவிட்டது.

எக்ஸ்ஏபிஐ பதிவு ஒவ்வொன்றும் ஒரு சின்ன வாக்கியம் மாதிரி: யார், என்ன செய்தார், எதை. செவிலியர் மாணவி ஒருவர் கைகழுவும் முறை பற்றிய பாடத்தில் தேர்ச்சி பெற்றார், மதிப்பெண் 1-க்கு 0.82, எடுத்துக்கொண்ட நேரம் 18 நிமிடம். இவ்வளவும் ஒரே பதிவில் அடங்கும். இது பிரவுசருக்குள் நடந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மொபைல் ஆப்பிலிருந்து வரலாம், சிமுலேஷன் லேபிலிருந்து வரலாம், வார்டு டியூட்டியில் ஆசிரியர் டேப்லெட்டில் டிக் செய்ததாகவும் இருக்கலாம். எல்லாம் போய்ச் சேரும் கிடங்குக்கு எல்.ஆர்.எஸ். என்று பெயர்.

ஒவ்வொரு பதிவுக்கும் தனி அடையாள எண் உண்டு. அதே பதிவு இரண்டு தடவை வந்தாலும் கிடங்கு ஒன்றாகத்தான் வைத்துக்கொள்ளும். அதனால் போன் பதிவுகளைச் சேர்த்து வைத்திருந்து, சிக்னல் கிடைக்கும்போது பயமில்லாமல் மறுபடி மறுபடி அனுப்பலாம். அப்புறம் ஒவ்வொரு பதிவிலும் இரண்டு நேரம் இருக்கும். நடந்த நேரம் ஒன்று, கிடங்குக்கு வந்து சேர்ந்த நேரம் இன்னொன்று. ஒரு மாணவி திங்கள் இரவு 10.40-க்கு வீட்டில் முடித்த பாடம், செவ்வாய் காலை பஸ் மார்த்தாண்டம் வந்து சிக்னல் பிடித்த பிறகு கிடங்கைச் சேரும். பாடத்தை முடிக்கக் கெடு திங்கள் நள்ளிரவு என்றால் அந்தப் பெண் நேரத்துக்குள் முடித்துவிட்டாள் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. போன் கடிகாரத்தைப் பின்னால் தள்ளி வைக்கும் கெட்டிக்காரர்களும் நம்மிடம் உண்டு, மறுக்கவில்லை. இரண்டு நேரத்துக்கும் இடையே மூன்று நாள் வித்தியாசம் இருந்தால் கூப்பிட்டு விசாரியுங்கள். ஒற்றை நேரம் மட்டும் இருந்தால் விசாரிக்கவே வழியில்லை.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. சேர்த்து வைத்து அனுப்பும் வேலையைத் தரநிலை தானாகச் செய்துவிடாது, ஆப்பை எழுதியவர் செய்திருக்க வேண்டும். தரநிலை அதற்கு இடம் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

எனவே பிரசுரத்தில் 'எக்ஸ்ஏபிஐ ஆதரவு உண்டு' என்று ஒரு வரி இருந்தால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். எக்ஸ்ஏபிஐ ரொம்பச் சுதந்திரமானது. 'என்ன செய்தார்' என்பதைச் சொல்லும் வினைச்சொற்களை யார் வேண்டுமானாலும் வரையறுத்துக்கொள்ளலாம். ஒரு கம்பெனி 'முடித்தார்' என்று வீடியோ ஓடி முடிந்ததைச் சொல்லும், இன்னொன்று வினாடிவினாவைச் சமர்ப்பித்ததைச் சொல்லும். இரண்டும் தரநிலைப்படி சரியே, ஆனால் இரண்டையும் ஒரே பட்டியலில் கூட்டினால் வரும் எண்ணுக்கு ஒரு பொருளும் இல்லை. இந்த ஓட்டையை அடைக்கத்தான் 2016-இல் எக்ஸ்ஏபிஐயின் மேல் சிஎம்ஐ5 என்ற விதித்தொகுப்பு வந்தது. பாடம் எப்படித் தொடங்க வேண்டும், எந்தெந்த வினைச்சொல் எந்த வரிசையில் வர வேண்டும் என்று அது கட்டிப்போடுகிறது. எது நடந்தால் மாணவர் அடுத்த பகுதிக்குப் போகலாம் என்பதையும் பாடத்தின் அமைப்புக் கோப்பிலேயே எழுதிவிடலாம். முடித்தால் போதுமா, தேர்ச்சி வேண்டுமா, இரண்டும் வேண்டுமா, தேர்ச்சிக்கு எத்தனை மதிப்பெண் என்பதெல்லாம் எழுத்தில் இருக்கும். எனக்குத் தெரிந்து சிஎம்ஐ5-இல் நமக்கு மிகவும் உதவுவது இந்தப் பகுதிதான், ஏனென்றால் 'முடித்தார்' என்றால் என்ன என்று முடிவு செய்யும் பொறுப்பு கம்பெனியிடமிருந்து கல்லூரிக்கு வருகிறது.

ஐ.ஐ.டி.கள் ஆன்லைனில் நடத்தும் என்பிடெல் படிப்புகளில் இது எவ்வளவு தெளிவாக இருக்கிறது பாருங்கள். அசைன்மென்டுக்கு 25, கண்காணிப்புடன் நடக்கும் தேர்வுக்கு 75. சான்றிதழ் வேண்டுமென்றால் முதலாவதில் குறைந்தது 10, இரண்டாவதில் குறைந்தது 30. படிப்பில் சேரும் முன்பே மாணவருக்கு இது தெரியும். நம் கல்லூரிகள் பணம் கொடுத்து வாங்கும் தளத்தில் 'முடித்தார்' என்றால் என்ன என்று கேட்டால் முதல்வருக்கும் தெரியாது, ஆசிரியருக்கும் தெரியாது.

பல தளங்கள் நேரத்தைக் கணக்கு வைத்துப் பெருமைப்படுகின்றன. 'உங்கள் மாணவர்கள் இந்த மாதம் இத்தனை ஆயிரம் மணி நேரம் படித்தார்கள்!' குலசேகரம் பக்கம் ரப்பர் பால் விற்பவர்களைக் கேளுங்கள், பாலின் எடைக்கு யாரும் காசு தருவதில்லை, அதில் உலர்ந்த ரப்பர் எத்தனை சதவீதம் என்று பார்த்துத்தான் விலை போடுவார்கள். திரை திறந்திருந்த நேரம் அந்த எடை மாதிரி, அதில் பாதிக்கு மேல் தண்ணீர். பாடத்தைத் திறந்து வைத்துவிட்டு டீக்கடைக்குப் போகும் மாணவரும் அந்த ஆயிரத்துக்குள் இருக்கிறார். நேரத்தை வைத்து இன்டர்னல் மார்க் போடும் வழக்கம் எங்காவது இருந்தால் தயவுசெய்து நிறுத்துங்கள்.

அரசுப் பள்ளிகளில் பயன்படும் தீக்ஷா தளம் எக்ஸ்ஏபிஐ அல்லாத தன் சொந்தப் பதிவு முறையை வைத்திருக்கிறதே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அது ஓடும் சன்பேர்ட் என்ற திறந்த மென்பொருளின் பதிவு வடிவம் வெளிப்படையாகப் பிரசுரமாகியிருக்கிறது. யார் வேண்டுமானாலும் படித்து, அதற்கேற்ப நிரல் எழுதலாம். நான் கேட்பதும் அடிப்படையில் அதைத்தான்: கம்பெனி கடையைக் கட்டினாலும் பதிவை நாம் படிக்க முடிய வேண்டும்.

அடுத்தது, கிடங்கு யாருடையது. என் கருத்தில் அது கல்லூரியுடையதாக இருக்க வேண்டும். தளம் யாருடையதாகவும் இருக்கட்டும், பதிவுகள் வந்து சேரும் எல்.ஆர்.எஸ். உங்கள் பெயரில், உங்கள் டொமைனில், உங்கள் பேக்அப் ஏற்பாட்டுக்குள் இருக்கட்டும். இதற்குப் பெரிய செலவு வேண்டியதில்லை. யெட் அனலிடிக்ஸ் என்ற நிறுவனம் வெளியிட்டிருக்கும் எஸ்.க்யூ.எல். எல்.ஆர்.எஸ். திறந்த மென்பொருள், போஸ்ட்கிரெஸ் தரவுதளத்தில் ஓடும். நம் கல்லூரிகளின் சிஸ்டம் அட்மின்களால் பார்த்துக்கொள்ள முடிகிற வேலை அது. மூடில் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவும். 2020-இல் வந்த 3.9 பதிப்பிலிருந்து மூடிலுக்குள்ளேயே எக்ஸ்ஏபிஐ கொஞ்சம் இருக்கிறது, எச்5பி என்ற கருவியில் செய்த ஊடாடும் பயிற்சிகளின் மதிப்பெண்ணை வாங்க அதைத்தான் பயன்படுத்துகிறது. ஆனால் வெளியில் இருக்கும் கிடங்குக்கு அனுப்ப வேண்டுமென்றால் தனியாக ஒரு செருகுநிரல் போட வேண்டும்.

மாவட்டம் முழுவதற்கும் ஒரே கிடங்கு வைக்கலாமே என்று ஒரு முதல்வர் என்னிடம் கேட்டார். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு கல்லூரி மாணவரின் தோல்விகளை இன்னொரு கல்லூரியின் சர்வரில் வைப்பதில் யாருக்கும் நன்மை இல்லை. கிடங்குகள் தனித்தனியாக இருக்கட்டும், எழுதும் முறை ஒன்றாக இருக்கட்டும்.

மாணவரை எப்படி அடையாளப்படுத்துவது என்பதை இத்தனை நேரம் தள்ளிப்போட்டேன். எக்ஸ்ஏபிஐயில் மின்னஞ்சலை வைத்தும் அடையாளப்படுத்தலாம், ஒரு கணக்கை வைத்தும் அடையாளப்படுத்தலாம். மின்னஞ்சல் வேண்டாம். கல்லூரியின் இணைய முகவரியோடு பதிவு எண்ணையோ சேர்க்கை எண்ணையோ சேர்த்துக் கணக்காகக் கொடுங்கள். ஜிமெயில் மாறினாலும், கல்யாணமாகி இனிஷியல் மாறினாலும் அது மாறாது. பெயர் பதிவுக்குள் போகவே வேண்டாம். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் கல்லூரி அலுவலகத்தில் இருந்தால் போதும்.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கிடங்கில் சேர்ந்த பதிவை அழிப்பதற்குத் தரநிலை இடம் தருவதில்லை. தவறான பதிவை 'இது செல்லாது' என்ற இன்னொரு பதிவால் ரத்து செய்யலாம், இரண்டும் கிடங்கில் இருக்கும். மார்க் தகராறு வந்தால் யார் எப்போது என்ன மாற்றினார் என்று பார்க்க இது நல்லது. தனியுரிமைக்கு இதே குணம் சிக்கலானது. 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 18 வயது நிறையாதவர் குழந்தை. ப்ளஸ் டூ முடித்து ஜூலையில் உங்கள் வாசலில் வந்து நிற்கும் முதலாண்டு மாணவருக்கு வயது பெரும்பாலும் 17. குழந்தைகளைத் தொடர்ந்து கண்காணிப்பதை அந்தச் சட்டம் தடுக்கிறது. கல்வி நிறுவனங்கள் தங்கள் கல்விப் பணிக்காகச் செய்வதற்கு விதிகளில் விலக்கு உண்டு. அந்த விலக்கு உங்களுக்கு. மாணவர் எந்தப் பாடத்தில் திணறுகிறார் என்று பார்த்து, அவர் போனுக்கு டியூஷன் விளம்பரம் அனுப்ப நினைக்கும் கம்பெனிக்கு அல்ல. ஒப்பந்தத்தில் இதற்கென்று ஒரு பத்தி இல்லையென்றால் சேர்க்கச் சொல்லுங்கள்.

டெமோ நடக்கும்போது டாஷ்போர்டு போதும் என்று நிறுத்திவிட்டு ஒரு சின்னச் சோதனை வையுங்கள். உங்கள் அலுவலகத்தில் வேலை செய்யும் யாராவது ஒருவரின் சாதாரண போனை வாங்கி, அதில் பாடத்தைத் திறக்கச் சொல்லுங்கள். பாதியில் ஏரோபிளேன் மோடில் போடுங்கள். வினாடிவினாவை முடித்துவிட்டு பேக் பட்டனைத் தட்டி வெளியே வாருங்கள். ஒரு டீ குடித்துவிட்டு இணைப்பைத் திரும்பக் கொடுங்கள். பிறகு கம்பெனிக்காரரிடம், "இப்போது நடந்ததன் பதிவை ஜேசன் வடிவில் அப்படியே காட்டுங்கள்" என்று கேளுங்கள் (பதிவு கிடங்கில் இருக்கும் மூல எழுத்து வடிவம்தான் ஜேசன்). பதிவு வந்ததா, இரண்டு நேரமும் இருக்கிறதா, மாணவர் எண் முழுதாக இருக்கிறதா என்று உங்கள் கணினித் துறை ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். சிஎம்ஐ5 பாடங்களைச் சோதிக்க ஏ.டி.எல். 'கேட்டபல்ட்' என்ற பெயரில் கருவிகளையே இலவசமாக வெளியிட்டிருக்கிறது. எல்.ஆர்.எஸ். தரநிலைக்கு ஒத்துப்போகிறதா என்று பார்க்கவும் அவர்களிடம் சோதனைத் தொகுப்பு உண்டு. சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். ஆய்வகத்துக்கு மைக்ரோஸ்கோப் வாங்கும்போது கேட்கிறோமே.

பணம் கொடுக்கும் விதத்திலும் ஒரு மாற்றம் வேண்டும். கடைசித் தவணையை, பதிவுகள் அனைத்தும் உங்கள் கிடங்கில் இருக்கின்றன என்று உங்கள் ஆட்கள் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகு கொடுங்கள். ஒப்பந்தம் முடிந்த பின் எக்செல் அனுப்புகிறோம் என்ற வாக்குறுதியை ஏற்க வேண்டாம். ஆண்டு நடந்துகொண்டிருக்கும்போதே பதிவுகள் உங்களிடம் வந்துகொண்டிருந்தால் முடிவில் கெஞ்ச வேண்டிய தேவையே வராது.

ஒரு கல்லூரி தனியாகக் கேட்டால் 'உங்களுக்காக மட்டும் கஸ்டம் வேலை, கூடுதல் செலவு' என்பார்கள். பத்துக் கல்லூரிகள் ஒரே தாளை நீட்டினால் அதே வேலை ஸ்டாண்டர்ட் ஆகிவிடும், எனக்கு இந்த வியாபாரம் தெரியும். எனவே மே மாதத்தில், அட்மிஷன் வேலை சூடு பிடிக்கும் முன், ஐ.க்யூ.ஏ.சி. ஒருங்கிணைப்பாளர்கள் நாகர்கோவிலில் ஏதாவது ஒரு கல்லூரியில் ஒரு மதியம் கூட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். முடிவு செய்ய வேண்டியவை கொஞ்சம்தான்: எந்தெந்த வினைச்சொற்கள், மாணவர் அடையாளம் எப்படி, பதிவுகளை எத்தனை ஆண்டு வைத்திருப்பது, ஒப்பந்தத்தில் சேர்க்கும் பத்தி. கடைசியாகச் சொன்னதற்கு எளிய தமிழில் ஒரு வரைவு என்னிடம் இருக்கிறது. உங்கள் வழக்கறிஞர் பார்த்துத் திருத்த வேண்டியிருக்கும். கேட்கும் கல்லூரிக்கு அனுப்பிவைக்கிறேன், கட்டணம் எதுவும் இல்லை.

இப்படிக்கு,
கல்லூரித் தளங்களைப் பராமரிக்கும் ஒருவன்,
நாகர்கோவில்